ஜோசியாவின் மெஷினில் எல்லாம் சரி

ஜோசியாவைக் கெட்டவன் என்று யாரும் சொல்ல முடியாது. குடிப்பதில்லை. தார்நாகாவில் சொந்த ஃப்ளாட் இருக்கிறது. சபையின் பாடகர் குழுவில் டெனர் பாடுகிறான். இவற்றை அம்மா விரல் விட்டு எண்ணிச் சொன்னாள். அவன் முட்டாள் என்பதை எந்த விரலில் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. பேசாமல் இருந்தேன். நான் பேசாமல் இருப்பது எங்கள் வீட்டில் ஒரு செய்தி அல்ல.

ஆபீசிலும் அவன் எனக்கு மேல். நாச்சாரத்தில் ஒரு மசாலா கம்பெனியின் மாடியில் எங்கள் ஆபீஸ். பள்ளிக்கூடங்களுக்கும் சின்னக் கம்பெனிகளுக்கும் இணையதளம் செய்து கொடுக்கிறோம். மத்தியானம் கீழே மிளகாய் அரைப்பார்கள். எல்லோரும் தும்முவோம். ஜோசியா மட்டும் தும்மிவிட்டு ஏசியைத் திட்டுவான். ஏசி சுத்தம் செய்ய ஆள் வந்துவிட்டுப் போயிருக்கிறான். மறுநாளும் மிளகாய் அரைத்தார்கள். ஜோசியா மறுநாளும் ஏசியைத் திட்டினான்.

அவன் டீம் லீட். டீம் என்பது நானும் சபீனாவும். நான் பி.எஸ்சி. இயற்பியல் படித்துவிட்டு, வேறு வேலை கிடைக்காமல் இங்கே வந்து இதைக் கற்றுக்கொண்டவள். சபீனா மேலப்பாளையத்துக்காரி. கணவரின் வேலைக்காக ஹைதராபாத் வந்தவள். பக்கத்தின் தோற்றம் அவள் பொறுப்பு. நிறம், எழுத்தின் அளவு, எது எங்கே நிற்க வேண்டும் என்பதையெல்லாம் தனிக் கோப்பாக எழுதிக் கொடுப்பாள். அதுதான் ஸ்டைல்ஷீட். அது வந்து சேராவிட்டால் பக்கம் வெறும் தாள். கறுப்பு எழுத்து, நீலக் கோடு போட்ட இணைப்புகள், திரைக்குள் அடங்காத படங்கள்.

எங்கள் சபைக்கு நூறு வருடம் ஆகிறது. லாலாகுடாவில் ரயில்வே பட்டறை வேலைக்கு வந்த தமிழர்கள் கட்டிய சபை. என் அப்பா ரூஃபஸும் பட்டறையில்தான் இருக்கிறார், நாங்கள் குடியிருப்பதும் ரயில்வே க்வார்ட்டர்ஸில்தான். நூற்றாண்டுக்கு ஓர் இணையதளம் வேண்டும் என்று சபையில் முடிவானபோது, ஜெயசுந்தரி ஆன்ட்டி அந்த வேலையை மகனின் ஆபீசுக்கு வாங்கித் தந்தார். ஆன்ட்டி பெண்கள் ஐக்கிய சங்கத்தின் செயலாளர். அவர் மகன்தான் ஜோசியா. அதே மாதம் எங்கள் க்வார்ட்டர்ஸுக்கு வந்து, அந்த மகனுக்கு என்னைக் கேட்டார்.

அதுவரை நான் அவனை ஜோசியா அண்ணா என்றுதான் கூப்பிட்டேன். சபையில் என் வயதுப் பெண்கள் எல்லோரும் அப்படித்தான். மறுநாள் ஆபீசில், "இனிமே அண்ணா நக்கோ," என்றான், அண்ணா வேண்டாம் என்பதை ஹைதராபாத் பாஷையில். வேறு எப்படிக் கூப்பிட வேண்டும் என்று சொல்லவில்லை. நான் அவனைக் கூப்பிடுவதையே விட்டுவிட்டேன்.

எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம் நிச்சயமாகியிருக்கிறது, தடை தெரிந்தவர்கள் தெரிவிக்கலாம் என்று ஆராதனையில் போதகர் அறிவிப்பார். நான் பார்த்து யாரும் எதையும் தெரிவித்ததில்லை. முதல் ஓலை வாசித்தாயிற்று என்றால் கல்யாணம் முடிந்த மாதிரிதான். அதற்குப் பிறகு பெண் வேண்டாம் என்றால் அவளுக்கு என்ன நோய் என்று சிக்கந்தராபாத் முழுக்க விசாரிப்பார்கள். நூற்றாண்டு ஞாயிறன்று எங்கள் முதல் ஓலை வாசிக்கப்பட வேண்டும் என்று ஜெயசுந்தரி ஆன்ட்டிக்கு ஆசை. முந்தின நாள் சனிக்கிழமை மாலை இணையதளத் திறப்பு. அதற்குள் நான் பதில் சொல்ல வேண்டும்.

சரி என்றுதான் சொல்லியிருப்பேன். மறுக்க என்னிடம் ஒரு காரணமும் இல்லை. வெட்கப்படுகிற பெண்கள் சரி என்றுதான் சொல்வார்கள். குறைவாகப் பேசினால் போதும் என்பதால்.

அந்த வாரம் செவ்வாய்க்கிழமை ஜோசியா என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றான்.

"என்ன இது, வெறும் ஸ்லாஷ் போட்டு சிஎஸ்எஸ்?"

ஸ்டைல்ஷீட்டை இணைக்கும் வரியைத்தான் சொன்னான்.

"முழுப் பாத் கொடுக்கணும், ஆனி. மேலே ரிக்வயர்ல நான் எப்படிக் குடுத்திருக்கேன் பாரு. சர்வர்ல ஃபைல் எந்த ஃபோல்டர்ல, அதுக்குள்ள எந்த ஃபோல்டர்ல, அப்படியே முழுசா."

"அது பிஎச்பி எடுக்கிறதுக்கு," என்றேன். "இதை பிரௌசர் வந்து கேக்கும்."

"என்ன? சத்தமா."

"பிரௌசர்..."

"பிரௌசரும் அதே ஃபைலைத்தானே கேக்குது? ஒரே ஃபைல், ஒரே இடம். ரெண்டு அட்ரஸ் கைக்கு?"

இரண்டு விலாசம் ஏன் என்றால், கேட்பவர்கள் இரண்டு பேர். வீட்டுக்குள் இருக்கும் என்னிடம் அம்மா, "பீரோவுல கீழ்த்தட்டு," என்பாள். வாசலில் நிற்கும் கூரியர்காரரிடம் அப்படிச் சொல்ல மாட்டாள். பிஎச்பி என்பது பக்கத்தை எழுதித் தரும் நிரல்மொழி, சர்வருக்குள் குடியிருப்பது; ரிக்வயர் என்றால் அங்கிருந்தே இன்னொரு கோப்பை எடுத்துக்கொள்ளும். அதற்கு பீரோ தெரியும். பிரௌசர் வேறு எங்கோ யாருடைய போனிலோ இருந்துகொண்டு வாசலில் வந்து கேட்பது. அதற்கு வாசலிலிருந்துதான் வழி சொல்ல வேண்டும். பீரோ எங்கே இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது, தெரியவும் கூடாது. புதிதாக வருகிற எல்லோரும் தடுக்கி விழும் இடம் இது. நானும் விழுந்தேன். ஒரு மத்தியானம் வீணாயிற்று, பிறகு புரிந்தது. ஜோசியா இந்தத் தொழிலுக்கு வந்து பல வருடம் ஆகிறது. அவன் இன்னும் அந்த மத்தியானத்தை அடையவில்லை.

இதையெல்லாம் நான் அவனிடம் சொல்லவில்லை. "ஒண்ணுமில்ல," என்றேன்.

அவன் குனிந்து என் வரியை அழித்தான். கோப்பு எந்த ஃபோல்டரில் இருக்கிறதோ அந்த முழு வழியையும் பிஎச்பியே எழுதிக்கொள்ளும்படி ஒரு வரியைப் போட்டான். தன் லாப்டாப்பில் பக்கத்தைத் திறந்து எங்கள் பக்கம் திருப்பினான். சபீனாவின் மெரூன் தலைப்பு, சபை கோபுரத்தின் படம், எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன.

"வருதா இல்லையா?"

வந்தது. அதுதான் எனக்குப் புரியவில்லை. வரக் கூடாது.

அவன் டீ குடிக்க இறங்கியதும் சபீனாவும் நானும் போய்ப் பார்த்தோம். சோதித்துப் பார்க்க அவன் தன் லாப்டாப்பில் ஒரு சின்ன சர்வர் ஓட்டுகிறான். அதற்கு வாசல் எது என்று ஓரிடத்தில் சொல்ல வேண்டும். எல்லோரும் சைட் இருக்கும் ஃபோல்டரைச் சொல்வார்கள். இவன் மொத்த டிஸ்க்கையும் சொல்லி வைத்திருந்தான். அப்படிச் செய்தால் வீட்டுக்குள் இருக்கும் விலாசமும் வாசலிலிருந்து சொல்லும் விலாசமும் ஒன்றாகிவிடும். உலகத்திலேயே அந்த ஒரு மெஷினில் மட்டும் ஜோசியா சொல்வது சரி.

விளக்கிச் சொன்னேன். சபீனாவிடம் எனக்குப் பேச்சு வரும்.

"அப்ப பெட்ரூமையே மெயின் ரோடாக்கி வச்சிருக்கான்னு சொல்லு," என்றாள்.

சிரித்தோம்.

"சொல்லேன்ட்டி அவன்ட்ட."

"நீங்க சொல்லுங்க அக்கா."

"எனக்கென்ன வந்துச்சு? நானா கட்டிக்கப் போறேன்?"

மறுநாள் சைட்டை ஆபீசின் சோதனை சர்வரில் ஏற்றினோம். எதிர்பார்த்தபடி வெறும் தாளாக வந்தது. ஸ்டைல்ஷீட் கிடைக்காவிட்டால் பிரௌசர் சண்டை போடாது. கேட்கும், கிடைக்காது, கிடைத்ததை வைத்துக் காட்டிவிட்டுப் பேசாமல் இருக்கும். திரையில் ஒரு வார்த்தை குறை சொல்லாது. அந்த அமைதியை ஜோசியா எப்போதும் தப்பாகத்தான் படிப்பான்.

ஆனால் அன்று அவனுக்கே சந்தேகம் வந்து, பிரௌசர் எதைக் கேட்டு ஏமாந்தது என்று பார்த்தான். சைட்டுக்குள் 'ஹோம்' என்று ஒரு ஃபோல்டர், அதற்குள் சர்வரில் எங்கள் கணக்குக்கு உள்ள பெயரில் ஒன்று, அதற்குள் இன்னொன்று என்று கேட்டிருந்தது. அவன் கொடுத்த விலாசம்தான். இப்போது புரிந்துவிடும் என்று நினைத்தேன்.

"ஹோம்னு ஒரு ஃபோல்டர் கேக்குது," என்றான் ஜோசியா. "கேட்டா குடுத்துட்டாப் போச்சு."

சைட்டுக்குள் ஹோம் என்று ஒரு ஃபோல்டர் உண்டாக்கினான். அதற்குள் கணக்கின் பெயரில் ஒன்று. அதற்குள் இன்னொன்று. கடைசி ஃபோல்டரில் சபீனாவின் ஸ்டைல்ஷீட்டுக்கு ஒரு நகல் எடுத்து வைத்தான். வீட்டுக்குள் அதே வீட்டின் பொம்மை, அதற்குள் பொம்மை பீரோ. பக்கம் வந்தது. அவன் விரல்களைச் சொடுக்கி நெட்டி முறித்தான்.

"இதுக்குப் பேருதான் சொல்யூஷன்."

தப்பு செய்கிறவனை எனக்குப் பிடிக்காமல் போவதில்லை. ஒரு தப்பைத் தப்பு என்று சொல்லாமல் இருப்பதற்காக ஓர் ஊரையே கட்டுகிறவனைத்தான் பிடிக்காமல் போகிறது. அவனோடு கட்டில், சமையலறை, பிள்ளைகள் என்று யோசித்துப் பார்த்தேன். இந்த மனிதர் வீட்டில் குழாய் ஒழுகினால் என்ன செய்வார்? ஒழுகும் இடத்தில் ஒரு குளம் வெட்டுவார். குளம் நன்றாக இருக்கிறதா என்று என்னைக் கேட்பார்.

வியாழக்கிழமை போதகர் தலைப்பின் நிறம் பச்சையாக இருக்கட்டும் என்று சொல்லி அனுப்பினார். சபீனா மாற்றினாள். மாறவில்லை. மறுபடி மாற்றினாள். காலை முழுவதும் அதே மெரூன்.

"நான் பச்ச பச்சன்னு எழுதுதேன், இது செவப்பா நின்னு சிரிக்குது," என்றாள். "எனக்குப் பைத்தியமா, இதுக்குப் பைத்தியமா?"

பொம்மை பீரோவிலிருந்த நகலைத்தான் பிரௌசர் எடுத்துக்கொண்டிருந்தது. ஜோசியா நிதானமாக வந்து, "ரெண்டு இடத்துலயும் மாத்தணும். பேக்கப் மாதிரி வச்சுக்கோங்க," என்றான்.

"அண்ணே, பேக்கப்புன்னா ஒண்ணு போனா ஒண்ணு இருக்கணும். இது ஒண்ணு இருக்கும்போதே ஒண்ணு போவுதே."

"சபீனா, நீங்க டிசைனர். டிசைனை மட்டும் பாருங்க."

அன்று மாலை மழை. பஸ் வரவில்லை. ஜோசியா பைக்கில் இறக்கிவிடுகிறேன் என்றான். தார்நாகா சிக்னலில் நின்றபோது தலையைத் திருப்பாமல் கேட்டான்.

"நம்ம மேட்டர் ஓகேதானே?"

"சனிக்கிழமை சொல்றேன்," என்றேன்.

"அது ஃபார்மாலிட்டி. எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

சிக்னல் விழுந்தது. அவன் வண்டியை எடுத்தான். மீதி வழியில் தன் ஃப்ளாட்டில் எந்த அறை என்னுடைய தையல் அறை என்று சொல்லிக்கொண்டு வந்தான். எனக்குத் தைக்கத் தெரியாது. அவன் அம்மா தைப்பார். அவன் அறிந்த பெண்கள் தைக்கிறார்கள்.

வெள்ளிக்கிழமை சைட்டை சோதனை சர்வரிலிருந்து எடுத்து, சபைக்கென்று வேறொரு சர்வரில் வாங்கிய இடத்துக்கு மாற்றினோம். ஏற்றுவது என் வேலை, ஏற்றினேன். புது இடத்தில் கணக்கின் பெயர் வேறு. ஆகவே பிஎச்பி எழுதிக் கொடுத்த விலாசமும் வேறு. பொம்மை வீடு மட்டும் பழைய பெயரிலேயே இருந்தது. என் போனில் திறந்தேன். வெறும் தாள். முதல் போதகரின் படம் அளவு கட்டுப்படாமல் விரிந்து, திரை முழுக்க அவர் மீசை மட்டும் தெரிந்தது.

ஜோசியாவின் மேசைக்குப் போய் போனை நீட்டினேன்.

"கேஷ்," என்றான். "பழசு தேங்கியிருக்கும். நாளைக்குச் சரியாயிடும்."

"புது சைட். பழசு ஒண்ணும் இல்ல. அந்த ஒரு வரிதான். நான் மாத்தட்டுமா?"

"ஹெடர் ஃபைலையா? தொடாதே. அது கோர் ஃபைல்." லாப்டாப்பைத் திருப்பினான். "பாரு. வருதா இல்லையா?"

பச்சைத் தலைப்பு, கோபுரம், எல்லாம் இருந்தன.

"உங்க மெஷின்ல வருது," என்றேன்.

"அதைத்தானே நானும் சொல்றேன்?"

அன்றைக்கு முழுவதும் எனக்கு இரண்டு பதில்கள் தயாராக இருந்தன. ஒன்று அந்த வரிக்கு, ஒன்று ஓலைக்கு. இரண்டையும் யாரும் கேட்கவில்லை.

சனிக்கிழமை மாலை சபையின் பக்கத்து ஹாலில் எல்லோரும் கூடினார்கள். சபீனாவும் வந்திருந்தாள், தன் வேலையைப் பத்துப் பேர் பார்ப்பதைப் பார்க்க. கடைசி வரிசையில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அப்பா இரண்டாம் வரிசையில், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில். போதகர் ஜெயச்சந்திரன் ஜெபம் செய்தார். ஜோசியா தன் லாப்டாப்பை புரொஜெக்டரில் இணைத்து, அதிலேயே ஓடும் பிரதியைத் திறந்தான். பெரிய திரையில் பச்சை விரிந்தது. கைதட்டினார்கள். சபீனா என் தொடையைக் கிள்ளினாள்.

ஜெயசுந்தரி ஆன்ட்டி மைக்கை வாங்கினார். "எல்லாரும் போனை எடுங்க. அட்ரஸ் மேல எழுதியிருக்கு. இங்கயே திறந்து பாத்துட்டுப் போங்க."

போனை எடுத்தார்கள். திறந்து பார்த்தார்கள். பிறகு முன்வரிசையில் ஒரு பெரியவர், "நூறு வருஷ சபைக்கு நூறு வருஷத்துக்கு முந்தின நோட்டீஸ் போட்டிருக்காங்கப்பா," என்றார். இன்னொருவர், "எனக்கு மீசை மட்டும் தெரியுது, யாரோடது?" என்றார்.

சிரிப்பு பரவியது. சபீனா தன் போனைப் பார்த்தாள். முகம் சுருங்கியது. "என் பேரு கீழ இருக்கே ஆனி," என்றாள் மெதுவாக. 'வடிவமைப்பு: சபீனா' என்று அடியில் நான்தான் போட்டிருந்தேன். அந்த வெறும் தாளிலும் அது பளிச்சென்று தெரிந்தது.

"நெட்வொர்க்," என்றான் ஜோசியா. "போனை ரீஸ்டார்ட் பண்ணுங்க. எல்லாரும் ஒரே நேரத்துல திறந்தா அப்படித்தான்."

"ஸ்கிரீன்ல மட்டும் வருதே?" என்றார் யாரோ.

"ஹவ், ஆமா, அதான் சொல்றேன். சைட் கரெக்ட். உங்க போன்லதான் ஏதோ."

"ஏன்டா," என்றார் ஜெயசுந்தரி ஆன்ட்டி, மைக்கிலேயே. "உன் லாப்டாப்பை வீடு வீடாத் தூக்கிட்டுப் போய்க் காட்டுவியா?"

ஹாலே சிரித்தது. ஜோசியாவின் காது சிவந்தது. அம்மாவிடமிருந்து மைக்கை வாங்கிக்கொண்டான்.

"நேத்து ஆனிதான் அப்லோட் பண்ணா. சின்ன மிஸ்டேக். புதுசுதானே, கத்துக்குவா. நம்ம வீட்டுக்கு வரப்போற பொண்ணு, நான் சொல்லிக் குடுத்துக்கறேன்."

கைதட்டினார்கள். சிலர் திரும்பி என்னைப் பார்த்தார்கள். ஜெயசுந்தரி ஆன்ட்டி மைக் இல்லாமலேயே கேட்கும்படி, "நாளைக்கு முதல் ஓலைல்ல, அதான் பதட்டம்," என்றார்.

எழுந்து இரண்டாம் வரிசைக்குப் போனேன். எல்லோரும் பார்க்கிறார்கள் என்பது தெரிந்தது. அப்பா பக்கத்தில் குனிந்தேன்.

"ஓலை குடுத்தாச்சா?"

"நேத்தே குடுத்துட்டேனே."

"யார் சரின்னு சொன்னா?"

"ஜோசியா போன் பண்ணான். ஆனி சொல்லிட்டா அங்கிள், ஓகேன்னான்." அப்பா என் முகத்தைப் பார்த்தார். "சொல்லலையா நீ?"

நான் கடைசி வரிசைக்குத் திரும்பினேன்.

சபீனா தலை குனிந்திருந்தாள். யார் முகத்தையும் பார்க்கவில்லை. மற்றவர்கள் போனைத் தட்டிக்கொண்டும் அணைத்துப் போட்டுக்கொண்டும் இருந்தார்கள். நான் என் போனிலேயே சபையின் சர்வர் கணக்கைத் திறந்தேன். ஹெடர் கோப்புக்குள் போனேன். கோர் ஃபைல். ஜோசியாவின் வரியை அழித்துவிட்டு என் பழைய வரியை எழுதினேன். வாசலிலிருந்து வழி. ஒரு ஸ்லாஷ், ஃபோல்டரின் பெயர், கோப்பின் பெயர். சேமித்தேன். ஜோசியாவின் லாப்டாப் எனக்குத் தேவைப்படவில்லை.

"அக்கா, இப்ப திறங்க," என்றேன்.

பச்சை வந்தது. அவள் போனை என் முகத்துக்கு நேரே பிடித்துக் காட்டினாள், நான் பார்க்காததுபோல. முன்வரிசைப் பெரியவர், "வந்துடுச்சு, வந்துடுச்சு!" என்றார். ஒவ்வொரு போனாக வந்தது. மீசை சுருங்கி முதல் போதகரின் முழு முகமும் கிடைத்தது.

"ரீஸ்டார்ட் பண்ணச் சொன்னேன்ல?" என்றான் ஜோசியா மைக்கில்.

இரண்டாவது முறையாக அவனுக்குக் கைதட்டினார்கள். முதல் தடவையைவிடப் பலமாக. நானும் அவனைப் பார்த்தேன். அவன் நடிக்கவில்லை. அதுதான் பயங்கரம். ரீஸ்டார்ட்தான் காரணம் என்று மனதார நம்பினான். நாளைக்கு ஓலை வாசிக்கும்போதும் நான் சரி சொன்னதாக மனதார நம்பிக்கொண்டு டெனர் பாடுவான். இவன் பொய் சொல்லியிருந்தால்கூட மதித்திருப்பேன். பொய் சொல்வதற்கு, எதிரில் இன்னொரு ஆள் இருப்பது தெரிய வேண்டும்.

கேக்கும் சமோசாவும் கொடுக்க ஆரம்பித்தார்கள். போதகர் சுவிட்ச் போர்டுக்குப் பக்கத்தில் தனியாக நின்றார். போனேன்.

"ஐயா."

"சொல்லும்மா ஆனி. நாளைக்கு உன் பேர்தான் முதல்ல."

"அந்த ஓலையை வாசிக்க வேண்டாம்."

அவர் கையில் சமோசா இருந்தது. அதைத் தட்டில் வைத்தார். "ஏம்மா? தடை ஏதாவது இருக்கா?"

"எனக்குச் சம்மதமில்ல."

"அப்பா கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்காரே."

"என்னை யாரும் கேக்கல, ஐயா. நான் சொன்னேன்னு ஜோசியா சொன்னார். நான் சொல்லல."

கேட்கும்படிதான் சொன்னேன். சத்தமா என்று அவர் சொல்லவில்லை.

பேச்சு எந்தப் பக்கம் போகிறது என்று தெரிந்தோ தெரியாமலோ ஜோசியா வந்தான். போதகர் அவனைப் பார்த்து, "தம்பி, ஆனி சம்மதம் சொல்லலைங்குதே," என்றார்.

அவன் சிரித்தான். "வெட்கம், ஐயா. எல்லாம் ஓகேதான்."

"உங்களுக்கு ஓகே," என்றேன்.

"அதைத்தானே நானும் சொல்றேன்?"

போதகர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என்னிடம், "நாளைக்கு வாசிக்க மாட்டேன், வீட்டுக்குப் போம்மா," என்றார். ஜெயசுந்தரி ஆன்ட்டி தூரத்திலிருந்து வந்துகொண்டிருந்தார். நான் காத்திருக்கவில்லை.

பட்டறைச் சுவரை ஒட்டி நடந்து போனோம், அப்பாவும் நானும்.

"கம்ப்யூட்டர்ல ஒரு வரி தப்பாப் போட்டான்னு மாப்பிள்ளை வேணாம்னு சொன்ன பொண்ணை நான் கேள்விப்பட்டதில்ல," என்றார் அப்பா. ஹாலிலேயே சபீனா அவரிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள்.

"வரிக்காக இல்லப்பா."

"அப்ப கைக்கு?"

"நான் சரின்னு சொன்னேன்னு சொன்னார்ல."

"அவன் போன்ல அவ்வளவு உறுதியாச் சொன்னான்மா."

"உறுதியாத்தான் சொல்வார்."

கேட் பக்கத்தில் வந்ததும் அப்பா நின்றார். "நீ ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லியிருக்கலாம்."

"நீங்க ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்," என்றேன்.

அவர் கேட்டைத் திறந்து, நான் முதலில் உள்ளே போவதற்காக ஒதுங்கி நின்றார்.

ஞாயிறு நூற்றாண்டு ஆராதனையில் வேறு யாருக்கோ ஓலை வாசித்தார்கள். எங்கள் பெயர் வரவில்லை. பெண்கள் பக்கம் தலைகள் திரும்பின. எனக்கு என்ன நோய் என்று விசாரிக்க ஆரம்பித்திருப்பார்கள். ஜோசியா வழக்கத்தைவிடச் சத்தமாகப் பாடினான்.

திங்கட்கிழமை நான் ஆபீசுக்குப் போக மாட்டேன் என்று அம்மா நினைத்தாள். போனேன். ஜோசியா என்னிடம் பேசவில்லை. சபை சைட்டின் புதுப் பிரதியைத் தன் லாப்டாப்பில் இறக்கித் திறந்தான். பிறகு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான்.

"யார் கோர் ஃபைலைத் தொட்டது? மொத்த சைட்டும் உடைஞ்சு கெடக்கு!"

அவன் திரையில் வெறும் தாள். மீசை.

எனக்குச் சிரிப்பு வந்தது. அவன் திரையில் இப்படித்தான் ஆகும். நான் எழுதியது சைட்டின் வாசலிலிருந்து வழி. அவன் மெஷினுக்கு வாசலே வேறு. இப்போது அந்த சைட் உலகத்தில் எல்லோருக்கும் வரும், அவனுக்கு மட்டும் வராது.

சபீனா தன் போனில் திறந்து காட்டினாள். "எனக்கு வருதே அண்ணே."

நானும் என் போனைத் திறந்து மேசையில் வைத்தேன். பச்சை.

"உங்களுக்கெல்லாம் வரும்," என்றான் ஜோசியா. "என் மெஷின்ல வரலையே. அப்ப சைட் உடைஞ்சிருக்குன்னுதானே அர்த்தம்? ஆனி, பழைய வரியைத் திரும்பப் போடு."

"மாட்டேன்."

"என்ன?"

"மாட்டேன்," என்றேன், சத்தமாக.

அவன் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றான். அவனுக்கு அது கேட்டது. ஆனால் அதை எந்த ஃபோல்டரில் வைப்பது என்று தெரியவில்லை. கீழே மிளகாய் அரைக்க ஆரம்பித்தார்கள். சபீனா தும்மினாள். நான் தும்மினேன். ஜோசியா இரண்டு முறை தும்மிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, தலையைத் தூக்கி ஏசியைப் பார்த்தான்.